அம்மா வீட்டுக்கு நெட், கேமரா, மத்ததெல்லாம்: சுங்கை சிப்புட் வரிசை வீடு, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

செம்மண்பாதை | திங்கள், இரவு 10.42

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, இதுதான் என் முதல் இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீடு மலேசியாவுல, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்ல. தோட்டத்தை விட்டு வெளிய வந்தப்ப அப்பா வாங்கின 25,000 வெள்ளி (ரிங்கிட்) வீடு. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச அதே வீடுதான்: ரெண்டு ரூம், முன்னால சின்ன ஹால், பின்னால நாங்களே ஜிங்க் போட்டு இழுத்த குசினி. அப்பா தவறி மூணு வருஷம். அம்மாவுக்கு 71, தனியா இருக்காங்க. நான் ஷா ஆலாம், தங்கச்சி ஜொகூர். எங்ககூட வந்து இருங்கன்னு கூப்பிட்டா "என் துளசி வாடிடும்"னு ஒரே பதில்.

இப்ப ஆபீஸ்ல வியாழன், வெள்ளி வீட்டுல இருந்தே வேலை பார்க்கலாம்னு விட்டுட்டாங்க. அதனால மாசத்துல ரெண்டு வாரமாவது புதன் ராத்திரியே காரை எடுத்து அம்மா வீட்டுக்கு வந்துடலாம்னு இருக்கேன். பின் தெரு சித்தியோட பேரன் படிவம் 4, சாயங்காலம் அம்மாவுக்குத் துணையா வந்து அங்கதான் படிப்பான். அவனுக்கும் நெட் வேணும்.

இன்னொண்ணு. போன மாசம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. பெரிய அடி இல்ல. ஆனா எங்களுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும், அதுவும் கோயில்ல பார்த்த ஒருத்தர் சொல்லி.

அந்தக் கோபத்துல 11.11 விற்பனையில வாங்கிக் குவிச்சிட்டேன்: வீடு பூரா வைஃபையைப் பரப்புற மூணு பெட்டி மெஷ் செட், உள்ள வைக்கிற கேமரா ரெண்டு, வெளிய ஒண்ணு, ஸ்மார்ட் பல்பு ஆறு, ஸ்மார்ட் பிளக் நாலு. இன்னும் பிரிக்கல. ஃபைபர் லைன் தெரு முனைக் கம்பம் வரைக்கும் வந்திருச்சு. பிளக் பாயிண்ட் ஹால்ல 1, முன் ரூம்ல 1, குசினியில 2. மத்ததெல்லாம் எக்ஸ்டென்ஷன், அதுல இருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன். செலவுக்கு இன்னும் 4,000 வெள்ளி வரைக்கும் வச்சிருக்கேன். எதை முதல்ல செய்யறது?

நெட்வொர்க்காரன் | திங்கள், இரவு 11.05

மெஷ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தா கொடுத்துடுங்க. 20க்கு 60 அடி மனையில இருக்கிற ஒத்தை மாடி வீட்டுக்கு மூணு பெட்டி எதுக்கு? கல்யாண மண்டபமா அது?

நாளைக்கு விவரமா எழுதறேன்.

பேராக்_வயர்மேன் | செவ்வாய், காலை 6.50

தம்பி, எந்தப் பொட்டியையும் பிரிக்காத. முதல்ல மெயின் சுவிட்சு பொட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துப் போடு. எனக்கு மூணு விஷயம் தெரியணும்.

கரண்டு கசிஞ்சா தானா விழுந்து லைனை அறுக்கிற சுவிட்சு, அதான் ஆர்சிசிபி, எத்தனை இருக்கு, அதுல எத்தனை மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கு. வெளிய செவுரோரம் எர்த் கம்பி இருக்கா, இல்ல புல் வெட்டுறவன் அறுத்துட்டுப் போயிட்டானா. பாத்ரூம்ல சுடுதண்ணி ஹீட்டர் இருக்கா, இருந்தா அது எங்கிருந்து கரண்டு எடுக்குது.

27 வருஷமா இந்த மாதிரி வீட்டுக்குத்தான் வயர் இழுக்கிறேன். அந்தக் காலத்து வீட்டுல டிவி, ஃபேன், பிரிட்ஜு, அயர்ன் பாக்ஸ் இவ்வளவுதான் கணக்கு. நீ சொல்ற சாமான் ஒவ்வொண்ணும் கரண்டு கொஞ்சமாத்தான் தின்னும், ஆனா ராவும் பகலும் சொருகியே கிடக்கும். எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன்னு சொன்ன பார், அங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு.

செம்மண்பாதை | செவ்வாய், இரவு 9.18

அண்ணே, சித்தி பேரனை விட்டு எடுக்கச் சொன்னேன், படம் போட்டிருக்கேன். ஆர்சிசிபி ஒண்ணுதான், 100ன்னு இருக்கு. நீங்க முன்னாடி வேற ஒரு இழையில சொன்ன மாதிரி டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொன்னேன். சுவிட்சு விழல. மூணு தடவை அமுக்கியும் கரண்டு அப்படியே இருக்கு. நல்ல விஷயம்தானே?

ஹீட்டர் இருக்கு. மச்சான் ஒருத்தர் மாட்டிக் கொடுத்தது. குசினி பிளக்குல சொருகியிருக்கு.

பேராக்_வயர்மேன் | செவ்வாய், இரவு 9.31

நல்ல விஷயமா! அம்மாவுக்கு இப்பவே போன் போட்டு, அந்த ஹீட்டரைத் தொட வேண்டாம்னு சொல்லு. மிச்சத்தை அப்புறம் எழுதறேன்.

பேராக்_வயர்மேன் | செவ்வாய், இரவு 10.20

சரி, இப்ப கேளு. டெஸ்ட் பட்டன் எதுக்கு இருக்கு? அமுக்கினா விழணும். கரண்டு இருந்தும் விழலைன்னா ஆர்சிசிபி செத்துப் போச்சுன்னு அர்த்தம். நாளைக்கு ஒரு வயர் கசிஞ்சு ஆள் மேல பாஞ்சாலும் அது சும்மா வேடிக்கை பார்க்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும்னு பொட்டியிலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறா.

அடுத்தது ஹீட்டர். இந்த மாதிரி ஹீட்டர் 3,600 வாட் இழுக்கும். 230 வோல்ட்டால வகுத்தா 15 ஆம்பியருக்கு மேல வருது. நம்ம மூணு கால் பிளக்குல இருக்கிற பியூஸ் 13 ஆம்பியர். உடனே போகாது, சூடாகிச் சூடாகி ஒரு நாள் பிளக்கே உருகும். உங்க மச்சான் நல்ல மனசோடதான் செஞ்சிருப்பார், அவரைத் திட்டாத. ஆனா ஹீட்டருக்குத் தனி வயர், தனி சுவிட்சு, 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேணும். ஈரத்துல நிக்கிற இடம் பாரு, அதுக்குச் சட்டத்துலயே அந்த அளவுதான். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர். 100ங்கிற அளவு லைட்டு, ஃபேனுக்கு மட்டும் போதும்.

அப்புறம் எர்த். செம்புக் கம்பியை மண்ணுல அடிச்சு மீட்டர் வச்சுப் பார்க்கணும். நான் 10 ஓமுக்குக் கீழ வர்ற வரைக்கும் விட மாட்டேன். எர்த் இல்லாத வீட்டுல மின்னல்ல பாயுற கரண்டைத் தடுக்கிற 80 வெள்ளி சர்ஜ் எக்ஸ்டென்ஷன் வாங்கி வைக்கிறது, வடிகால் வெட்டாம கூரைக்குப் பீலி மாட்டுற மாதிரி. இறங்கி வர்ற தண்ணி எங்க போகும்?

யாரைக் கூப்பிட்டாலும் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) லைசென்ஸ் கார்டைக் காட்டச் சொல்லு. என்னைக் கூப்பிட்டாலும்தான்.

லூனாஸ்_மருமகள் | புதன், மதியம் 1.12

வயர்மேன் அண்ணன் சொன்னதைப் படிச்சிட்டு எங்க வீட்டு பட்டனை அமுக்கிப் பார்த்தேன். விழுந்துச்சு. மாமியார் பார்த்துக்கிட்டிருந்த நாடகமும் நின்னுச்சு. இன்னும் பேச மாட்டேங்கிறாங்க.

நெட்வொர்க்காரன் | புதன், இரவு 8.40

சொன்ன மாதிரி வர்றேன். வயரிங் முடிஞ்ச பிறகு இதைச் செய்யுங்க.

லைன் மாட்ட வர்றவங்களுக்கு வேகமா முடிச்சிட்டுப் போகணும். வாசப்படிக்குப் பக்கத்துலயே ஓட்டை போட்டு, டிவிக்குப் பின்னால பெட்டியை வச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்க முன்னாடியே முடிவு பண்ணி, சுவத்துல பென்சில்ல குறி போட்டு வைங்க. உங்க வீட்டுக்குச் சரியான இடம் ஹாலும் ரூமும் சேர்ற சுவர், தலைக்கு மேல, திறந்த இடம். இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி மூணும் வைஃபைக்கு ஆகாது. சாமி மேடையும் வேண்டாம். சிரிக்காதீங்க, நான் ரெண்டு வீட்டுல பார்த்திருக்கேன். மேடைக்குக் கீழே பிளக் இருக்குன்னு ரவுட்டரை முருகன் பக்கத்துல வச்சிருந்தாங்க. விளக்குச் சூடும் எண்ணெய்ப் புகையும் பட்டு ஒரு வருஷத்துல காத்தோட்ட ஓட்டையெல்லாம் பிசுக்கு.

வைஃபைக்கு ரெண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவா போகும், ஆனா சுவரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவருக்கு அப்பால சோர்ந்துடும். உங்க கேமரா, பல்பு, பிளக் எல்லாமே அநேகமா 2.4 மட்டும்தான் பிடிக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா இணைக்கும்போது முரண்டு பிடிக்கும், தனித் தனிப் பேர் வைங்க.

நீங்க வேலை பார்க்கப் போறது எந்த ரூம்? ரவுட்டர்ல இருந்து அங்க வரைக்கும் ஒரு கேட்-6 நெட் வயர் இழுத்துடுங்க. வயர்மேன் சுவத்தை எப்படியும் உடைக்கத்தான் போறார், அதே சமயத்துல இன்னொரு குழாயும் போடச் சொல்லுங்க. ஆனா கரண்டு வயர் போற குழாயிலேயே இதையும் சொருக வேண்டாம். 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், உங்களுக்கு 12 மீட்டர் போதும்.

பாகான்செராய்_77 | புதன், இரவு 9.02

> மெஷ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க

எல்லாருக்கும் சுவத்தை உடைக்க முடியுமா? எங்க வீட்டுல மெஷ்தான், ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல. வயரெல்லாம் பழைய காலம்.

நெட்வொர்க்காரன் | புதன், இரவு 9.10

உங்க வீடு ரெண்டு மாடின்னு நீங்களே முன்னாடி எழுதியிருக்கீங்க. அங்க மெஷ் சரி. இவர் வீட்டுல பத்தடிக்கு ஒண்ணு வச்சா அதுங்களுக்குள்ளயே இடிச்சுக்கும். மீட்டிங் நடுவுல குரல் விட்டு விட்டு வந்தா நெட் மெதுன்னு லைன் கம்பெனியைத் திட்டுவோம், பாதி நேரம் குற்றம் வைஃபையிலதான்.

செம்பனைக்குள்ளே | வியாழன், காலை 5.44

நீங்கள்லாம் ஃபைபர், மெஷ்னு பேசறதைப் பார்த்தா பொறாமையா இருக்கு. நான் ஹூத்தான் மெலிந்தாங் பக்கம், இன்னும் தோட்டத்துக்கு உள்ளதான். கம்பம் வர வாய்ப்பே இல்ல. நாலு பக்கமும் செம்பனை.

ஒரு வேடிக்கை சொல்றேன். செம்பனை ஒரு 25 வருஷம் ஆனா வெட்டிட்டு மறுநடவு பண்ணுவாங்க. எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு) முன்னால இருந்த பழைய மரத்தையெல்லாம் சாய்ச்சாங்க, மறுநாளே கைப்பேசியில லைன் நாலு கோடு. பிள்ளைங்க எல்லாம் சந்தோஷம். இப்ப கன்று எட்டு வருஷ மரமாயிடுச்சு, லைன் ரெண்டு கோடு. மழை பெஞ்சு ஓலை நனைஞ்சா ஒண்ணு.

நான் செஞ்சது: சிம் போடற 4ஜி ரவுட்டர், வெளிய 20 அடி குழாயில ஆன்டெனா, எந்த டவர் பக்கம் திருப்பறதுன்னு ஆர்எஸ்ஆர்பிங்கிற சிக்னல் பலத்தோட நம்பர் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். மைனஸ் 112ல இருந்தது மைனஸ் 94 ஆச்சு. சுழியத்துக்குக் கிட்ட வர வர நல்லது, அது மட்டும் தெரிஞ்சா போதும். 2021 கடைசியில 3ஜியை மூடினதுல இருந்து அம்மாவோட பழைய போன்ல வாட்ஸ்அப்பே இல்லாம போச்சு, அப்பதான் இதெல்லாம் கத்துக்கிட்டேன்.

பேராக்_வயர்மேன் | வியாழன், காலை 7.05

20 அடி இரும்புக் குழாய் வெட்ட வெளியிலயா? அதுக்கு எர்த் அடிச்சியா இல்லையா?

செம்பனைக்குள்ளே | வியாழன், காலை 7.20

...இல்ல.

பேராக்_வயர்மேன் | வியாழன், காலை 7.24

இடியைக் கூப்பிட்டு வச்சிருக்க. எர்த் அடிக்கிற வரைக்கும் வானம் கறுத்தா ஆன்டெனா வயரைக் கழட்டி வெளிய போடு.

பாகான்செராய்_77 | வியாழன், காலை 10.15

இடின்னு சொன்னதும் ஒரு கேள்வி. ஃபைபர் கண்ணாடிதானே, அதுல மின்னல் வராதே? அப்ப எதுக்கு மழை வந்தா எல்லாத்தையும் பிடுங்கறது?

நெட்வொர்க்காரன் | வியாழன், மதியம் 12.50

கண்ணாடி வழியா வராது, உண்மை. பழைய ஸ்ட்ரீமிக்ஸ் நெட் காலத்துல செம்பு டெலிபோன் வயர் வழியாவே மின்னல் வந்து மோடத்தைக் கருக்கிட்டுப் போகும். 2010ல யூனிஃபை ஃபைபர் நெட் வந்து, மெல்ல மெல்ல ஃபைபர் பரவினதுல அந்த வழி அடைஞ்சது. ஆனா பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து வருது? சுவத்துல இருந்து. அந்த வழி திறந்தேதான் இருக்கு. அதோட கேட்ல வச்ச கேமராவுக்குச் செம்பு வயர் இழுத்திருந்தா அது இன்னொரு வழி.

நம்ம பக்கம் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாசங்கள்ல சாயங்காலம் நாலு மணிக்கு இடி ஆரம்பிக்கும். ஆபீஸ்ல மீட்டிங் வைக்கிற நேரமும் அதுதான். லேப்டாப்பைப் பேட்டரியில ஓட்டுங்க. ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ், அதாவது கரண்டு போனா ஓட்டுற பேட்டரி, வாங்கி வைங்க. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் மாதிரிதான் எடுக்கும், ஒண்ணரை மணி நேரம் ஓடும். தெருவுல வர்ற ஃபைபருக்கு நடுவழியில கரண்டு தேவையில்ல, அதனால தாமான் (குடியிருப்பு) முழுக்க இருட்டானாலும் பெரும்பாலும் உங்க நெட் இருக்கும்.

பேராக்_வயர்மேன் | வியாழன், மதியம் 1.30

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். மெயின் பொட்டிக்குள்ளயே சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு மாட்டலாம், எர்த் நல்லா இருந்தா மட்டும். அது இருந்தாலும் பக்கத்துல இடி விழுந்தா 100 நம்பர் ஆர்சிசிபிகூடச் சில நேரம் விழும். ஆள் இல்லாத வீடுன்னா அவ்வளவுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பிரிட்ஜைத் திறந்த வாசனை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

டீச்சர்_தாப்பா | வெள்ளி, இரவு 8.15

அந்தப் படிவம் 4 பையனைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் மாணவர்களில் பாதிப்பேர் தோட்டப்புறம். ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பாடம். சில பிள்ளைகள் லைன் தேடிச் சாலையோரம் மோட்டாரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை வந்தது. லைன் இல்லாத வீட்டுக்கும் டிவி இருந்ததால் அது கொஞ்சம் கைகொடுத்தது.

அப்போது நான் கண்டது: கருவி கிடைத்த பிறகும் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் பின்தங்கினார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு பிளக், மேலே ஒரு நல்ல விளக்கு. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். ரூமுக்குள் வேண்டாம். ஹால் என்றால் உங்கள் அம்மா நடந்து போகும்போது திரை தெரியும், அது போதும். தனியாக எந்த ஆப்பும் போட்டுக் கண்காணிக்க வேண்டாம்.

செம்மண்பாதை | சனி, இரவு 11.40

மேசைக்கு இடம் பார்த்துட்டேன் டீச்சர், நன்றி.

வயர்மேன் ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போனார், லைசென்ஸ் கார்டு கேட்டேன், சிரிச்சிட்டே காட்டினார். அடுத்த வாரம் வேலை ஆரம்பம்.

ஆனா இன்னைக்கு வேற கூத்து. போன் நெட்டைப் பகிர்ந்து, ஹால்ல ஒரு கேமராவை மட்டும் சோதிச்சுப் பார்க்கலாம்னு அலமாரி மேல வச்சேன். அம்மா ஒண்ணும் சொல்லல. நான் கடைக்குப் போயிட்டு, அங்க இருந்து கைப்பேசியில பார்த்தா படம் முழுக்க ஒரே வெள்ளை. கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா அம்மா அது மேல துண்டைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. "ஏம்மா"ன்னு கேட்டேன். "நான் சேலை மாத்துறது எங்கேன்னு உனக்குத் தெரியாதா"ன்னாங்க. தனியா இருக்கிறதால ஹால்லயே, காத்தாடிக்குக் கீழே. எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்க வைக்கிறதுன்னே தெரியல.

லூனாஸ்_மருமகள் | ஞாயிறு, காலை 9.30

துண்டு போட்டது ரொம்பச் சரி. எங்க வீட்டுலயும் கணவர் கேமரா வச்சார். மாமியார் அதுக்குப் பயந்து குசினியிலயே ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பிச்சிட்டாங்க. சொந்த வீட்டுல ஒளிஞ்சு வாழுற மாதிரி. கழட்டிட்டோம்.

பாகான்செராய்_77 | ஞாயிறு, காலை 11.02

நான் இதுக்கு எதிரா சொல்லத்தான் வேணும். எங்க அப்பா ஸ்ட்ரோக் வந்து காலையில இருந்து மதியம் வரைக்கும் ஹால்லயே கிடந்தார். நாங்க வேலையில. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்னு டாக்டர் சொன்னார், நேரம் தாண்டிடுச்சு. அன்னைக்கு ஒரு கேமரா இருந்திருந்தா? வெட்கம் பெருசா உயிர் பெருசா?

ஜாகாக்காரன் | ஞாயிறு, மதியம் 2.45

நான் ராத்திரி ஷிப்ட் ஜாகா, காவல் வேலை. என் முன்னால 16 கேமரா படம் ஓடுது, சம்பளம் வாங்கிப் பார்க்கிறேன். சொல்லட்டுமா? மூணு மணிக்கு மேல எதையும் பார்க்கிறதில்ல. எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு பின்னோக்கி ஓட்டிப் பார்க்கத்தான். நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கும்போது அம்மா வீட்டுப் படத்தைப் பார்ப்பீங்களா?

அதோட அம்மா விழுந்தது பாத்ரூம்ல. அங்க கேமரா வைக்க முடியுமா?

பழைய_கிராணி | ஞாயிறு, இரவு 7.30

அன்பர்களே, 1968இலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன். விழிகள் மங்கிவிட்டன, மைக்கில் பேசித்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் மைக்கின் தலையில் போடுங்கள்.

தோட்டத்துக்கு மின்சாரம் தரும் லைட் எஞ்சின் மாலை 6 மணிக்கு ஓட ஆரம்பித்து இரவு 10 மணிக்கு நிற்கும். அதற்குள் சமைத்து, படித்து, சண்டை போட்டு முடித்துவிட வேண்டும். நாட்டுக்கு டிவி வந்தது 1963 டிசம்பர். எங்கள் தோட்டத்துக்கு வந்தது வெகுநாள் கழித்து, அதுவும் மன்றத்துக்கு ஒன்று. முதன்முதலில் வீட்டுக்கே டிவி வாங்கியவர் ஒரு கங்காணி. மறுநாள் அவர் வீட்டில் உட்காரும் பலகையெல்லாம் வாசலைப் பார்ப்பதை விட்டு டிவியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. யாராவது வாசலில் வந்து நின்றால் அது வரை முகம் தெரியும், அன்றிலிருந்து முதுகுதான் தெரிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று.

லயத்தில் சுவர் பலகை. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். யார் விழுந்தாலும் மூன்று நாள் வேண்டாம், மூன்று நிமிடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல்தான் செங்கல் சுவருக்கு ஆசைப்பட்டு நாமெல்லாம் தாமானுக்கு வந்தோம் என்பதும் உண்மை. தம்பி, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

செம்மண்பாதை | ஞாயிறு, இரவு 9.55

ஐயா, இடது பக்கம் மலாய்க்காரங்க, மக்சிக் (பெரியம்மா மாதிரி) ஒருத்தர். அம்மாவும் அவங்களும் முப்பது வருஷப் பழக்கம். ஹரி ராயாவுக்கு லெமாங் வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். வலது பக்கம் பூட்டியிருக்கு.

அம்மா விழுந்த அன்னைக்கு மக்சிக் வீட்டுலதான் இருந்தாங்களாம். கேட்கவே இல்லன்னு இப்பவும் வருத்தப்படறாங்க.

பேராக்_வயர்மேன் | ஞாயிறு, இரவு 10.10

அப்ப வேலை சுலபம். வயர் இல்லாத காலிங் பெல் கடையில கிடைக்கும், பேட்டரி பட்டன் ஒண்ணு, மணி ஒண்ணு. பட்டனைப் பாத்ரூம்ல மாட்டு, மணியை மக்சிக் வீட்டுல சொருகு. பட்டன் நின்னா எட்டுற உயரத்துல வேண்டாம், முட்டிக்குக் கீழ மாட்டு. விழுந்த ஆள் தரையில இருந்துதானே அமுக்கணும். தண்ணி படாத வகை வாங்கு, செங்கல் சுவரைத் தாண்டி மணி அடிக்குதான்னு கதவைச் சாத்திட்டுச் சோதி.

கைப்பிடிக் கம்பியும் ஒண்ணு அடிச்சிடு. ராத்திரி நடந்தா தானா எரியுற லைட்டு பாத்ரூம் வழியில ஒண்ணு. உன் ஆறு ஸ்மார்ட் பல்பைவிட அது உபயோகம்.

பாகான்செராய்_77 | ஞாயிறு, இரவு 10.31

மயக்கமாயிட்டா யார் பட்டனை அமுக்கறது?

லூனாஸ்_மருமகள் | ஞாயிறு, இரவு 10.48

நீங்க சொல்றது நியாயம்தான், அப்பாவுக்கு நடந்தது கொடுமை. எங்க வீட்டுல என்ன ஏற்பாடுன்னா, மாமியார் தினம் காலையில ஆறரைக்கு குடும்பக் குழுவுல பூப் படம் போட்ட "காலை வணக்கம்" அனுப்புவாங்க. முன்னாடி எல்லாம் எரிச்சலா இருக்கும். இப்ப ஏழு மணிக்கு அது வரலைன்னா மூணு பேர் போன் அடிப்போம். அவங்களுக்குத் தெரியாது, நாங்க அதை வச்சுத்தான் கணக்கு பார்க்கிறோம்னு. கேத்தல் எத்தனை மணிக்கு ஓடுதுன்னு ஸ்மார்ட் பிளக் வச்சுப் பார்க்கலாம்னும் ஒருத்தர் சொன்னார்.

பேராக்_வயர்மேன் | ஞாயிறு, இரவு 10.55

கேத்தல் 2,200 வாட், கிட்டத்தட்ட 10 ஆம்பியர். மலிவு ஸ்மார்ட் பிளக்குல 10ன்னுதான் போட்டிருக்கும். வேண்டாம். ரேடியோவுக்கு வை.

டீச்சர்_தாப்பா | திங்கள், மதியம் 3.20

வீட்டுக்கு நெட் வந்த பிறகு வேறொரு ஆள் வாசலுக்கு வருவான், அவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் பேசுகிறேன், பார்சல் பிடிபட்டது என்று வரும் அழைப்பு. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது கைப்பேசியில் ஆப் ஏற்றும் கோப்பு. என் உறவினர் ஒருவர் அதைத் திறந்து, கணக்கில் இருந்ததை இழந்தார். அம்மா கைப்பேசியில் வெளியிலிருந்து வரும் ஆப் ஏற்றும் அனுமதியை அணைத்துவிடுங்கள். 997 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள், மோசடி நடந்த உடனே கூப்பிடுவதற்கென்றே 2022இல் தொடங்கியது. வங்கி ஆப்பில் கணக்கை நாமே உடனே முடக்கும் பட்டன் இருக்கிறது, அது எங்கே என்று அவருக்குக் கைபிடித்துக் காட்டுங்கள். சேமிப்பெல்லாம் அந்த ஆப்பில் தெரியும் கணக்கில் இருக்க வேண்டாம்.

மட்டறுத்துநர் | திங்கள், மாலை 5.00

கேமரா பற்றித் தனிச்செய்தியில் சண்டை போட்ட இருவரும் இங்கேயே எழுதலாம், மரியாதையாக.

செம்மண்பாதை | ஏழு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8.05

அம்மா வீட்டு முன் ரூம்ல இருந்து எழுதறேன். இன்னைக்கு நாலு மீட்டிங், ஒண்ணுகூட அறுபடல.

கணக்கு கேட்டவங்களுக்கு: வயரிங் 2,300 வெள்ளி. புது பொட்டி, மூணு ஆர்சிசிபி, எர்த் கம்பி, ஹீட்டருக்குத் தனி லைன், ஹால்ல நாலு, ரூமுக்கு மும்மூணு, குசினியில நாலுன்னு பிளக். பழைய ஹீட்டர் பிளக்கைக் கழட்டினப்ப பின்பக்கம் பழுப்பாகி, ஒரு காலைச் சுத்திக் கருகியிருந்துச்சு. அதை எடுத்துப் பையில போட்டு வச்சிருக்கேன், மச்சானுக்குக் காட்டல. சர்ஜ் புரொடெக்டர் 180. கேட்-6 வயர் ரெண்டு ரூமுக்கும். சின்ன யூபிஎஸ் 110. ஜன்னலோர மேசை பழைய சாமான் கடையில 60. மெஷ் செட்டும் மூணு பல்பும் திரும்பிப் போயிடுச்சு.

லைன் மாட்ட வந்தவங்க சரியா வாசப்படிக்கிட்ட ஓட்டை போடத்தான் வந்தாங்க. பென்சில் குறியைக் காட்டினேன். கொஞ்சம் முணுமுணுத்துட்டு அங்கயே போட்டாங்க.

கேமரா ஒண்ணுதான், கேட்டைப் பார்த்து, வெளிய. பாஸ்வேர்டை மாத்திட்டேன். பாகான்செராய் அண்ணன் சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதனால அம்மாகிட்டயே கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. கடைசியில "குசினிக் கதவைப் பார்த்து வை, நான் எந்திரிச்சுக் கதவைத் திறக்கிறது தெரிஞ்சா போதும்ல"ன்னாங்க. கேமரா வேண்டாம், கதவுல ஒட்டுற சின்ன சென்சார் இருக்குன்னு சொன்னேன். கதவு திறந்தா என் போனுக்கும் தங்கச்சி போனுக்கும் ஒரு சத்தம் வரும். தினம் 5.40க்கு வருது. எட்டு மணி வரைக்கும் வரலைன்னா மக்சிக்குக்குப் போன் பண்றதுன்னு ஏற்பாடு.

பாத்ரூம் மணியைச் சோதிச்ச அன்னைக்கு மக்சிக் ஓடியே வந்துட்டாங்க, கையில கரண்டியோட. இப்ப அம்மா தேங்காய் வேணும்னாகூட அதைத்தான் அடிக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னேன். ரெண்டு பேரும் கேட்கல. ஒரு தடவை அடிச்சா தேங்காய், விடாம அடிச்சா ஓடி வரணும்னு அவங்களே பேசி வச்சிருக்காங்க.

எல்லாம் முடிஞ்சு, "இன்னும் என்னம்மா வேணும்"னு கேட்டேன். இத்தனை வாரத்துல நான் அவங்களைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்னு கேட்கும்போதே தோணுச்சு. "வாசல்ல ஒரு பிளக் போட்டுக் கொடுக்கச் சொல்லு"ன்னாங்க. சாயங்காலம் துளசிக்கிட்ட நாற்காலி போட்டு மின்னல் எஃப்எம் கேட்பாங்க, அங்கதான் போன்ல சார்ஜ் தீர்ந்து போகுதாம். வீட்டுக்குள்ள பதினாலு பிளக் போட்டேன், வாசல்ல ஒண்ணு போடல.

வயர்மேன் அண்ணே, மழைச்சாரல் அடிக்கிற இடம். என்ன மாதிரி போடணும்?

பேராக்_வயர்மேன் | வெள்ளி, இரவு 8.22

மூடி வச்ச ஐபி66 பாக்ஸ் வாங்கு, வெளிய மாட்டுறதுக்குன்னே வரும். 30 மில்லி ஆம்பியர் லைன்ல சேர்க்கச் சொல்லு. வயர் கீழ்ப்பக்கமா உள்ள போகணும், மேல ஓட்டை போட்டா தண்ணி இறங்கும். நாற்காலியில உட்கார்ந்தபடி கை எட்டுற உயரம், அம்மாவை உட்கார வச்சு அளந்துக்க. அப்புறம் துளசிக்குத் தண்ணி ஊத்துற பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் போடு.